புள்ளிகளை வாங்கும்போது கேட்காத கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோசடிக்காரர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி என்று நம் நாளிதழ்கள் அடிக்கடி எழுதுகின்றன. நல்ல காரியம்தான். மோசடியைத் தடுக்கிறோம் என்று சொல்லி நேர்மையாகப் புழங்குகிறவர்களைப் படுத்தும் பாட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். கடன்பற்று அட்டைப் புள்ளிகளை விமான நிறுவனத்தின் மைல்களாக மாற்றிப் பயணச்சீட்டு எடுக்கும்போது நடக்கும் சோதனையைத்தான் சொல்கிறேன். சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை எந்த நேரத்தில் செய்கிறார்கள், அந்தச் சுமையை யார் தலையில் வைக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் குறை.

நான் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் வசிக்கிறேன். ஒரு தளவாட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. என் அட்டைப் புள்ளிகள் ஒன்றும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பேரங்காடிச் சாமான், பல் மருத்துவர், வீட்டுக்குச் சாயம் அடித்த செலவு, சிராங்கூன் சாலையில் மகளுக்கு வாங்கிய வளையல் என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை. மகள் பிரிட்டனில் படிப்பை முடித்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு என் கணவரும் மாமியாரும் அந்தப் புள்ளிகளில் போகட்டும் என்று முடிவு செய்தேன். மகளுக்கு அறையைக் காலி செய்ய உதவ வேண்டியிருந்ததால் நான் முன்னதாகவே வேறு விமானத்தில் காசு கொடுத்துப் பதிவு செய்திருந்தேன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

விழாக் காலத்தில் மைல்களுக்கு இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் திட்டத்தில் இடம் இல்லை. வங்கியின் செயலியில் புள்ளிகளை மாற்றிக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு விமான நிறுவனங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஒரு நிறுவனத்தில் வேண்டிய தேதிக்கே இரண்டு இருக்கைகள் இருந்தன. அன்று மாலையே அங்கே கணக்குத் தொடங்கிப் புள்ளிகளை மாற்றினேன். மாற்றுக் கட்டணம் 25 வெள்ளி, பொருள் சேவை வரி சேர்த்து 27 வெள்ளி 25 காசு. 'மாற்றிய புள்ளிகளைத் திரும்பப் பெற இயலாது' என்று செயலி எச்சரித்தது. சரி, எல்லா வங்கியிலும் அப்படித்தான் என்று பொத்தானை அழுத்தினேன். மைல்கள் வந்தன, பதிவு செய்தேன், வரியையும் இதர கட்டணங்களையும் அதே அட்டையில் செலுத்தினேன். மின்-பயணச்சீட்டும் வந்துவிட்டது. மாமியார் கம்பளிச் சட்டை தேடத் தொடங்கிவிட்டார்.

பயணத்துக்குச் சில நாள்கள் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது. 48 மணி நேரத்துக்குள் கீழ்க்கண்ட ஆவணங்களை இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பவும். இல்லாவிட்டால் பயணச்சீட்டுகள் ரத்தாகும்.' கேட்டிருந்தவை: என் அடையாள அட்டை, வரி செலுத்திய கடன்பற்று அட்டையின் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும், இரண்டு பயணிகளின் கடப்பிதழ், அவர்களுக்கும் எனக்கும் என்ன உறவு என்ற விளக்கம்.

இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் சிங்கப்பூரில் யார் நம்புவார்கள்? மின்தூக்கியிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை எங்கும் மோசடி எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. அவசரப்படுத்தினால் சந்தேகப்படு, ஆவணம் கேட்டால் அனுப்பாதே, குழப்பமாக இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழை. 2021 டிசம்பரில் குறுஞ்செய்தி மோசடியில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அதற்கு அடுத்த மாதமே, வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் சொடுக்கக்கூடிய இணைப்பே இருக்கக்கூடாது என்று நம் மத்திய வங்கியான நாணய ஆணையம் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அப்படிப் பழக்கப்பட்ட நமக்கு ஒரு விமான நிறுவனம் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறது. என் தம்பியிடம் காட்டினேன். "இது பக்கா மோசடி அக்கா, அழிச்சிடு" என்றான். அவன் சொன்னதில் தவறே இல்லை. நல்லவேளை, அழிக்கும்முன் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்த எண்ணைத் தேடி அழைத்தேன். அது அவர்கள் அனுப்பியதுதான் என்றார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது பெயர்ப் படலம்.

தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் கடப்பிதழில் என் பெயர், பிறகு 'இன்னாரின் மகள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான 'டி/ஓ', பிறகு அப்பாவின் பெயர். விமான நிறுவனத்தின் படிவம் சாய்கோட்டை ஏற்கவில்லை. அதனால் அந்த இரண்டு எழுத்தும் என் பெயருக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு மூன்றாவது பெயராகிவிட்டன. கடன்பற்று அட்டையில் இடம் பற்றாமல் அப்பாவின் பெயர் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆக, கடப்பிதழில் ஒரு நான், அட்டையில் ஒரு நான், அவர்கள் கணக்கில் இன்னொரு நான். என் கணவரின் பெயருக்குப் பின்னால் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். மாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து நீண்டகால வருகை அனுமதியில் எங்களோடு இருக்கிறார். அவருடைய இந்தியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் கட்டம் காலி. பயணச்சீட்டில் அவர் பெயரையே இரண்டு முறை போட்டுத்தான் பதிவு செய்ய முடிந்தது.

தொலைபேசியில் பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், கணக்கு வைத்திருப்பவர் பயணம் செய்யவில்லை. மூவருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறது. நீங்கள் உறவினர்கள் என்று எப்படி எடுத்துக்கொள்வது?" என்றார். ஒரே கூரையின்கீழ் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சோற்றுப் பானையில் சாப்பிடுகிறோம், அதற்கு ஆவணம் ஏது? திருமணச் சான்றிதழை அனுப்பினேன். அது கணவருக்கு மட்டும்தான் உதவியது. அவர் தம் அம்மாவுக்குப் பிள்ளைதான் என்று காட்ட அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். அந்தக் காலத்துச் சான்றிதழ். பெற்றோர் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, குழந்தையின் பெயர் இல்லை. 'ஆண்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கணவருக்கு வரவில்லை.

பெயரால் நம்மவர்கள் படும் பாடு இந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. கடப்பிதழில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகள் அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் திண்டாடினார்கள்! இருந்தாலும் அது ஒரு நாட்டின் குடிநுழைவு விதி. எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்துச் செய்தார்கள். இங்கே நான் புள்ளிகளைக் கொடுத்த பிறகு, சீட்டும் கைக்கு வந்த பிறகு, மாமியார் பெட்டி கட்டிய பிறகு கேள்வி வருகிறது.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மைல் கணக்குகளைத் திருடுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2015 மார்ச்சில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பயணிகள் திட்டத்தில் பல்லாயிரம் கணக்குகளுக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். வேறெங்கோ கசிந்த விவரங்களை வைத்துத் திறந்து பார்த்த வேலை அது. இப்படித் திருடுகிறவன் தானே விமானம் ஏறமாட்டான். யாரோ ஒருவருக்கு மலிவு விலையில் சீட்டை விற்றுவிடுவான். உரியவர் விழித்துக்கொள்வதற்குள் பயணம் முடிந்துவிட வேண்டும் என்பதால் புறப்பாடு பெரும்பாலும் மிக அருகில் இருக்கும். மோசடியாக வாங்கிய சீட்டில் பறப்பவர்களைப் பிடிக்க 2014 நவம்பரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோப்போல் 45 நாடுகளில், 80க்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் ஒரே நேரத்தில் வலைவிரித்தது. அதில் 118 பேர் கைதானார்கள். அது திருட்டு அட்டை விவரங்களில் எடுத்த சீட்டுகளுக்காக நடந்தது, ஆனால் வித்தை ஒன்றுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு என் பதிவைத் திரும்பப் பார்த்தேன். இன்று தொடங்கிய கணக்கு. அன்றே மொத்தமாக வந்து விழுந்த மைல்கள். உடனே காலி. பறப்பவர்கள் வேறு இருவர். பெயர்கள் எதுவும் பொருந்தவில்லை. காவலர் கண்ணால் பார்த்தால் எனக்கே என்மீது சந்தேகம் வரும். மைல்களைக் காசுக்கு விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள் என்பதும், அதை விமான நிறுவனங்கள் பொதுவாகத் தடை செய்திருக்கின்றன என்பதும் தெரிந்ததுதான். ஆகவே நிறுத்திக் கேட்டதற்காக நான் கோபப்படவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என்னைச் சந்தேகப்பட வைத்த விவரங்களில் பெரும்பாலானவை புள்ளிகள் வந்து சேர்ந்த அந்த நிமிடமே அவர்களிடம் இருந்தன. கணக்குப் புதியது என்பது தொடங்கியபோதே தெரியும். வங்கி அனுப்பிய பெயரும் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை என்பது மாற்றும்போதே தெரியும். பயணிகளின் பெயர் பதிவு செய்த நொடியில் தெரியும். அப்போதெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு, திரும்பிப் போக வழியில்லாத இடத்துக்கு வந்த பிறகு ஆவணம் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொடுத்து, மொய்யையும் வாங்கிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்த பிறகு 'நீங்கள் யார் வீட்டுச் சொந்தம்?' என்று எழுப்பிவிடுவது போல இருக்கிறது.

நம் வங்கிகள் இதை வேறு மாதிரி செய்கின்றன. 2022 ஜனவரியில் நாணய ஆணையம் கொண்டுவந்த விதிகளில் ஒன்று, புதிய கைப்பேசியில் மின்னிலக்க டோக்கனை, அதாவது பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் வசதியை, அமைத்தால் அது செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆகும் என்பது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள், நானும் அதற்கேற்பத் திட்டமிடுகிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான நம்மூர் கிரிஸ்ஃபிளையரில் யாருக்கெல்லாம் சீட்டு எடுப்போமோ அந்த ஐந்து பேரைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. யாருக்காக எடுக்கிறோம் என்ற கேள்வி அங்கே பதியும்போதே வந்துவிடுகிறது. வெளிநாட்டு நிறுவனமும் 'புதிய கணக்கில் முதல் முறை மைல்களைச் செலவழிக்கும்முன் அடையாளம் சரிபார்க்கப்படும், அதற்கு மூன்று நாளாகும்' என்று சொல்லியிருந்தால் நான் மூன்று நாள் காத்திருப்பேன். இல்லையென்றால் வேறு வழி பார்ப்பேன். புள்ளிகள் என் வங்கியிலேயே பத்திரமாக இருக்கும்.

ஆவணம் கேட்கும் முறையும் சரியில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கண்டபடி வாங்கக்கூடாது. ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடத்தில் கேட்கலாம் என்ற விதிவிலக்கு உண்டு, அது எனக்குத் தெரியும். இது அப்படிப்பட்ட இடம்தான் என்று அவர்கள் சொல்லலாம். சரி. ஆனால் அதைச் சாதாரண மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொல்வதா? கணக்குக்குள் நுழைந்து பதிவேற்ற ஒரு பக்கம் வைப்பது அவ்வளவு கடினமா? அட்டை எண்ணின் நடு இலக்கங்களையும் பின்பக்க மூன்று இலக்கங்களையும் மறைத்துவிட்டுத்தான் படமெடுத்தேன். 'மறைக்காமல் அனுப்புங்கள்' என்று முதலில் பதில் வந்தது. மறுத்தேன். பிறகு அவர்களே 'முதல் ஆறும் கடைசி நான்கும் தெரிந்தால் போதும்' என்றார்கள். அப்படியானால் தொடக்கத்திலேயே ஏன் அப்படிக் கேட்கவில்லை? என் மாமியார் வயதுள்ள ஒருவர் தனியாக இதைச் செய்ய வேண்டியிருந்தால் கேட்டதையெல்லாம் அப்படியே அனுப்பியிருப்பார்.

இப்போது என் வங்கிக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கோபம் அங்கேதான். அட்டை வாங்கியபோது அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் சேவையான சிங்பாஸ் வழியாக என் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். நான் யார், எங்கே வேலை, எவ்வளவு வருமானம் என்பதெல்லாம் அவர்களுக்கு அரசாங்கப் பதிவிலிருந்தே தெரியும். இந்த விமான நிறுவனத்தைப் பங்காளியாகத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான், அதன் சின்னத்தைச் செயலியில் போட்டு விளம்பரம் செய்ததும் அவர்கள்தான். 'இவர் எங்கள் வாடிக்கையாளர், இந்தப் புள்ளிகள் இவருடையவை' என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டேன். புள்ளிகள் எங்களைவிட்டுப் போன பிறகு அது உங்களுக்கும் பங்காளி நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் என் அட்டைக் கணக்கு அறிக்கையை நானே இறக்கி அனுப்பினேன்.

வெறும் புள்ளிதானே என்று யாரும் சொல்ல வேண்டாம். மைல் என்பது விமான நிறுவனங்களுக்குப் பணம். நாம் மாற்றும் மைல்களுக்கு வங்கிகள் அவர்களுக்குக் காசு கொடுக்கின்றன. கொவிட் காலத்தில், 2020இல், அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் தன் மைல் திட்டத்தை ஈடாகக் காட்டி 900 கோடி அமெரிக்க டாலர் கடன் திரட்டியது. நம்மிடம் வரும்போது மட்டும் அது பணமில்லை. 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த நம்முடைய கட்டணச் சேவைச் சட்டம் இத்தகைய வெகுமதிப் புள்ளிகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 16 முதல் சிலவகை மோசடி இழப்பில் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பொறுப்பேற்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. மைல்களைப் பறிகொடுத்தவர் அந்த வாசலில் போய் நிற்க முடியாது. கடைக்காரரின் பரிசுக் கூப்பனுக்கெல்லாம் நாணய ஆணையம் காவல் காக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் உரிமம் பெற்ற ஒரு வங்கி தன் செயலிக்குள்ளேயே, கட்டணமும் வாங்கிக்கொண்டு, திரும்பப் பெற முடியாத ஒரு மாற்றத்தைச் செய்ய வைக்கும்போது அதன் பொறுப்பு பொத்தானோடு முடிந்துவிடுவது எப்படிச் சரியாகும்?

என் வேண்டுகோள் வங்கிகளுக்குத்தான். பொத்தானுக்கு மேலே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: இந்த நிறுவனம் முதல் பதிவில் அடையாளச் சோதனை செய்யக்கூடும், பயணி வேறொருவராக இருந்தால் உறவுச் சான்று கேட்கக்கூடும். பெயர் பொருந்தவில்லை என்றால் புள்ளிகளை அனுப்பாமல் அங்கேயே நிறுத்துங்கள். சோதனையில் சிக்கினால் வாடிக்கையாளருக்காக ஒரு சொல் சொல்ல ஓர் அதிகாரியை வையுங்கள். பங்காளி நிறுவனம் கணக்கை ஏற்க மறுத்தால் புள்ளிகள் வங்கிக்கே திரும்பி வர ஒப்பந்தத்தில் வழி செய்யுங்கள். இத்தனை பேருக்காகக் காசு கொடுத்து மைல்களை வாங்கும் ஒரு வங்கியால் அந்த நிறுவனத்திடம் இதைக் கேட்க முடியும். என்னால் முடியாது. விமான நிறுவனத்திடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: சோதனை நடக்கும்வரை இருக்கையைப் பிடித்து வையுங்கள்.

எங்கள் விஷயத்தில் அதுதான் நடக்கவில்லை. ஆவணங்களை எல்லாம் பார்த்து, என் கணக்கைத் திறந்துவிட்டு, வருத்தமும் தெரிவித்தார்கள். ஆனால் கெடு முடிந்ததால் சீட்டுகள் தாமாகவே ரத்தாகியிருந்தன. மைல்கள் கணக்குக்குத் திரும்பிவிட்டன, இருக்கைகளோ போய்விட்டன. கடைசி நேர விலையில் காசு கொடுத்துத்தான் இருவரையும் அனுப்பினோம். "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன், என் பெயரை ஏன் சந்தேகப்படறாங்க?" என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொன்ன எந்தப் பதிலும் அவருக்குத் திருப்தியாக இல்லை.

வாசகர்களில் யாராவது இப்படிப் புள்ளிகளை மாற்ற நினைத்திருந்தால், கணக்கைச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். கடப்பிதழில் உள்ளபடியே பெயரைப் பதிந்து, பிறர் பெயரில் சீட்டு எடுக்க என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு புள்ளிகளை அனுப்புங்கள். வங்கிக்கு நான் எழுதிய புகாருக்குப் பதில் வந்தது. நல்லெண்ணத்தின் அடையாளமாக மாற்றுக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்களாம், 27 வெள்ளி 25 காசு. மற்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. வங்கித் துறையில் பொறுப்பில் உள்ள யாரேனும் இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதினால் என்னைப் போன்ற பலருக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
புக்கிட் பாத்தோக் வாசகி